பாட்டில் அத்தை திரும்பக் கேட்ட பரிசு

அந்தத் தெருவில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும், முதல் ஆளாகப் பாட்டில் அத்தை வந்து நிற்பாள். கையில் பளிங்கு போல ஒரு பிளாஸ்டிக் பால்புட்டி இருக்கும். அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் வார்த்தது. அதைக் கொடுத்துவிட்டுக் குழந்தையின் கன்னத்தை வழித்து முத்தமிட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

அத்தைக்கு வயிற்றில் பிறந்த பிள்ளை இல்லை. தெருப் பிள்ளைகள் எல்லாம் தன் புட்டியில் குடித்து வளர்ந்தவர்கள் என்ற நினைப்பைத்தான் அந்த மனசு கொழுகொம்பாகப் பற்றிக்கொண்டிருந்தது.

அந்தக் கொம்பின் மேலேயே இடி விழுந்தது! அந்தப் பிளாஸ்டிக்கில் இருக்கும் ஒரு ரசாயனம் சூடான பாலில் கசியுமாம், பச்சைக் குழந்தைகளுக்கு ஆகாதாம். பால்புட்டியிலும் உணவு டப்பாவிலும் அதற்குத் தடை வந்துவிட்டது. தொழிற்சாலை வேறு பிளாஸ்டிக்குக்கு மாறியது. வேலைக்கு ஆபத்தில்லை என்று மற்றவர்கள் நிம்மதியாக டீ குடித்தார்கள். அத்தை மட்டும் டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் கொடுத்த புட்டிகள்?

"எல்லாத்தையும் திரும்ப வாங்கப் போறேன்" என்றாள் கணவரிடம்.

தையல்காரரான அவர் ஊசியை நிறுத்தினார். "குடுத்த பரிசைத் திரும்பக் கேட்டா மூஞ்சியில கதவைச் சாத்துவாங்கடி."

"சாத்தட்டும். இனிமே பிள்ளையைத் தொடவே விடலேன்னாலும் சரி."

சொல்லிக்கொண்டே புட்டிகளைப் போட ஒரு காலிச் சாக்கை எடுத்தாள். அவர் எழுந்து சட்டையை மாட்டினார். "சரி, நட. சாக்கைப் பிடிக்க ஆள் வேணுமே!"

முதலில் எலெக்ட்ரீஷியன் வீடு. அத்தையை ஜன்னலில் பார்த்ததுமே அவன் மனைவி உள்ளே ஓடினாள். குழந்தையோடு திரும்பி வந்தவள், அதன் வாயில் புட்டியைத் திணித்தாள். "பாருங்க அத்தை, இது இல்லாம பிள்ளை தூங்கறதே இல்லை!"

குழந்தை முகத்தைச் சுளித்துப் புட்டியைத் தள்ளியது.

"ஏம்மா, உள்ள பாலே இல்லையே?" என்றார் தையல்காரர்.

"இப்பதான்... குடிச்சு முடிச்சான்."

இது இல்லாமல் தூங்காத பிள்ளையிடம் எப்படிப் பிடுங்குவது? அத்தை கேட்க வந்ததைக் கேட்காமலேயே படி இறங்கிவிட்டாள்.

அடுத்தது டீச்சர் வீடு. அந்த வீட்டுக் குட்டிப் பெண் அத்தைக்கு உயிர். வாசலிலேயே அத்தை உடைந்துபோனாள். "என்னை மன்னிச்சிடும்மா. அந்தப் புட்டி ஆகாதாம். தெரியாம உன் பொண்ணு வாயில வச்சுட்டேன்..."

டீச்சர் திகைத்துப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அத்தை! செய்தி வந்த அன்னிக்கே தெருவே கண்ணாடிக்கும் எவர்சில்வருக்கும் மாறியாச்சு. உங்ககிட்ட யார் சொல்றதுன்னுதான் எங்களுக்குள்ள சண்டை. உங்க மனசு நோகக்கூடாதுன்னு, நீங்க வர்றப்போ மட்டும் அந்தப் புட்டியை எடுத்துக் காட்டுவோம்."

"அடிப்பாவிகளா! நான் இங்க செத்துச் செத்துப் பிழைக்கிறேன், நீங்க நாடகமா போடுறீங்க?"

கண்ணீர் வழிய வழிய அத்தையும் சிரித்தாள். டீச்சர் குழந்தையைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தாள். "இவளுக்குப் பசி நேரம். டம்ளர்ல பால் ஆத்தியிருக்கேன். நீங்களே ஊட்டுங்க. எங்கிட்டன்னா துப்புவா."

அத்தை பிள்ளையோடு தெருவுக்கு வந்து, எதிர் ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"அடியே எலெக்ட்ரீஷியன் பொண்டாட்டி! அந்தக் காலிப் புட்டியைக் கொண்டு வாடி, சாக்கு காத்துக்கிட்டிருக்கு!"