ஆற்றங்கரையில் கத்திய பெண்

மழைக்காலத்தில் அருவிப் பக்கம் கூட்டம் இருக்காது என்றுதான், பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறையன்று நானும் மனைவியும் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறினோம். அவிசாவளை தாண்டி இறங்கி, ஆற்றோரமாக இரண்டு மணி நேரம் நடந்தோம். மூன்றாவது சின்ன அருவியின் கீழே, ஆற்று நடுவிலிருந்த பாறையில் களைத்துப்போய் உட்கார்ந்து சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தோம்.

கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துக் கையை வீசிக் கத்தினார். நீர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

“தங்கட இடமெண்டு ஏசுறா போல கிடக்கு,” என்றேன்.

“பேசாமச் சாப்பிடுங்கோ. எனக்கு எழும்பேலாது,” என்றாள் மனைவி.

வேலைக்குப் போகும் கந்தோரிலும் பஸ்ஸிலும் ஏச்சு வாங்கிப் பழகியவர்கள் நாங்கள். தலையைக் குனிந்துகொண்டோம்.

அந்தப் பெண் தண்ணீரில் இறங்கி வந்து மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். எரிச்சலோடுதான் பின்னால் போனேன். கரையேறித் திரும்பினால், ஆறு தேத்தண்ணி நிறத்தில் பெருகி வந்தது. சற்று நேரத்தில் பாறையைக் காணவில்லை. மேலே பெய்த மழையை அவர் தண்ணீரின் நிறத்திலேயே கண்டிருக்கிறார்.

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி கேட்டாள்: “அவ ஏசுறா எண்டு ஏன் நினைச்சனாங்கள்?”



இப்போதெல்லாம் யார் கத்தினாலும் முதலில் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறேன். பெரும்பாலும் ஏச்சுத்தான். இருந்தாலும் பார்க்கிறேன்.