கேட்ட சம்பளம்

பள்ளிபாளையம் அபிநயா வேதியியல் பட்டப்படிப்பில் கல்லூரியிலேயே இரண்டாவதாக வந்தவள். அப்படிப்பட்டவள் முதல் நேர்காணலில் ஒரு தப்புச் செய்தாள். நம்ம பக்கத்தில் அந்தத் தப்புக்கு மரியாதை என்று பெயர். சாயப்பட்டறை முதலாளி "எவ்வளவு சம்பளம் வேணும்?" என்று கேட்டதும், "நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டாள். அவரும் நன்றாகத்தான் பார்த்தார். ஏழாயிரம் போட்டார். வேண்டாம் என்று வந்துவிட்டு வீட்டில் தேம்பித் தேம்பி அழுதாள்.

அவளைக் குறை சொல்லி என்ன செய்வது? அம்மா சென்னியம்மாள் இருபது வருடமாக விசைத்தறி ஓட்டுகிறாள். தறி முதலாளி கூலியைப் பற்றிக் கேட்டால் அவளுக்கும் அதே பதில்தான். இவ்வளவு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பது அந்த வீட்டில் கூச்சமான காரியம்.

அடுத்த நேர்காணல் நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன ஆலையின் ஆய்வகத்துக்கு. இதுவும் போனால் அவளும் தறிக்குப் போக வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. இந்தமுறை அவள், தனக்கு முன்னால் கல்லூரியில் படித்து முடித்த நான்கு பேருக்குப் போன் போட்டு விசாரித்தாள். புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பதினாறிலிருந்து இருபதாயிரம் வரை தருகிறார்களாம்.

ஆலை முதலாளி ஜெகதீஸ்வரன் பாடத்தில் துருவித் துருவிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. "சரி அம்மிணி, சம்பளம் என்ன எதிர்பாக்கற?" என்றார்.

பழைய பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினாள்.

"இருபதாயிரமுங்க சார்."

அவர் சிரித்தார். "ஊடு பள்ளிபாளையத்துல. ஊட்டுச் சாப்பாடு, போக வர நம்ம வேன். உனக்கென்ன செலவு? பன்னெண்டு வாங்கிக்க."

அவளுக்குச் சுருக்கென்றது. "செலவுக்குக் கேக்கலீங்க சார், வேலைக்குக் கேக்கறனுங்க. பூஞ்சை புடிச்ச மக்காச்சோளம் ஒரு லோடு உள்ள வந்துட்டா எத்தன பண்ணையில கோழி படுத்துக்கும்? அதைத் தடுக்கறதுதானுங்க என் வேலை. ஆறு மாசம் புராஜெக்ட்டே அதுலதான் பண்ணுனேன்."

வேலை போயிற்று என்றே நினைத்தாள். ஜெகதீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பதினெட்டு. ஆறு மாசம் வேலையப் பாத்துட்டு இருபது."

"சரிங்க சார். அந்த ஆறு மாசத்தையும் ஆர்டர்ல எழுதிக் குடுத்துருங்க."

என்ன நெஞ்சுரம் பாருங்கள் அந்தப் பெண்ணுக்கு! அவர் வாய்விட்டுச் சிரித்தபடியே எழுதச் சொன்னார்.

வீட்டில் சென்னியம்மாள் முதலில் பயந்துதான் போனாள். "பெரிய மனுசங்ககிட்ட அப்படியா சாமி பேசுவ?" என்றாள். ஆர்டரை இரண்டு தரம் தடவிப் பார்த்துவிட்டுச் சாமி படத்தடியில் வைத்தாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அம்மா பாராட்டவில்லையே என்று அபிநயாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மறுநாள் மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு தறிக்குடோனுக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே பக்கத்துத் தறி உண்ணாமலை, இரைச்சலுக்கு மேலே அம்மாவிடம் கத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏக்கா, புள்ளைக்கு என்ன சம்பளம்?"

"எம்புள்ள இருபதாயிரம் கேட்டா!"

"கேட்டது கெடக்கட்டும். குடுக்கறது எவ்வளவு?"

"அது பதினெட்டு," என்றாள் சென்னியம்மாள். பிறகு தறியை நிறுத்திவிட்டு, குடோன் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "ஆனா அவ வாயத் தொறந்து கேட்டா!"