முருகம்மாள் என்ற பெயரில் ஒரே படம்

கம்பம் பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஹனீபா வைத்திருந்த ஸ்டூடியோவுக்குக் கல்யாணக் கூட்டம் அதிகம் வராது. அவர் பிழைப்பு பாஸ்போர்ட் அளவுப் படத்தில்தான் ஓடியது. முதியோர் பென்சன், வங்கிக் கணக்கு, நூறு நாள் வேலை அட்டை என்று எதற்காவது ஒரு முகம் கேட்பார்கள். சுற்றுப்பட்டிச் சனம் தண்ணீர் தொட்டுத் தலைவாரிக்கொண்டு அவர் முன்னால் வந்து உட்காரும். பலருக்கு வாழ்நாளில் எடுத்த உருப்படியான படமே அது ஒன்றுதான். அதனால் யாராவது இறந்தால், பந்தலுக்குச் சொல்லிவிட்டு வீட்டார் நேராக அவரிடம் வருவார்கள். அவர் கம்ப்யூட்டரில் தேடி எடுத்துப் பெரிதாக்கி, சுவரொட்டிக்கு ஒன்றும் மாலை போட ஒன்றுமாகக் கொடுப்பார்.

நான் அப்போது ஊரில் இல்லை, வளைகுடாவில் இருந்தேன். ஊரிலிருந்து போன் வந்தால் முதல் வார்த்தை காதில் விழும்வரை யாருக்கு என்ன ஆனதோ என்றிருக்கும். ஒருமுறை அப்படிப் பதறி எடுத்த போனில்தான், என்னோடு படித்த சுமையா தன் அப்பா ஹனீபாவைப் பற்றி இதைச் சொன்னாள்.

2009-இல் அந்தக் கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தது. ஒரு படம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். வேறு கடைக்காரர்கள், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிவிடலாம் என்றார்கள். ஹனீபாவுக்கு மனசு வரவில்லை. பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு சி.டி.யில் சின்னச் சின்ன மென்பொருள்கள் இருந்தன. குப்பையைக் கூட்டுவதற்கு ஒன்று, ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இருந்தால் காட்டுவதற்கு ஒன்று, சிதறிக் கிடப்பதை ஒழுங்காக அடுக்குவதற்கு ஒன்று. பெருநாளைக்கு முன் வீட்டைக் கழுவிவிடுகிற உற்சாகத்தோடு உட்கார்ந்தார்.

"பேரை மட்டும் வச்சுத் தேடாதீக அத்தா. படத்தையும் ஒப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்றாள் சுமையா.

"அதுக்கு அரை நாள் ஆகும்னு காட்டுது. அரை நாளைக்குக் கரண்டு யாரு குடுப்பா? உங்க மாமனா?"

மின்வெட்டுக் காலம் அது. பாதியில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு தடவை அப்படி நின்றும் போயிருந்தது. மூன்றாம் தடவை பெயரை மட்டும் வைத்துத் தேடினார். ஒருவர் படத்தையே வெள்ளைப் பின்னணியில் ஒன்று, நீலத்தில் ஒன்று என்று பல ஃபோல்டர்களில் அதே பெயரில் போட்டு வைக்கிறவர் அவர். அதனால் ஒரே பெயர் என்றால் ஒரே ஆள் என்று நம்பிவிட்டார்.

ஆனால் அந்தப் பக்கத்துப் பெண்கள் புருசன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். திராட்சைத் தோட்டத்து வேலைக்காரி முருகம்மாள் படமெடுக்க வந்தபோது அவர் கேட்டிருக்கிறார்.

"வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

"சின்னதா இருக்கும் பாய். அமாவாசை நெறத்துல இருக்கும்."

கடையே சிரித்தது. சின்னக்கருப்பு என்று புரிந்தும், ஹனீபா வெறுமனே முருகம்மாள் என்றே சேமித்தார். பள்ளத்தாக்கில் எத்தனையோ முருகம்மாள். எத்தனையோ முத்துலட்சுமி, ஜக்கம்மா, பாத்திமா. மென்பொருள் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு படத்தை விட்டுவைத்து மற்றதை அழித்தது. கிடைத்த காலி இடத்தில் மீதியை நெருக்கி அடுக்கியது இன்னொன்று. கம்ப்யூட்டர் பறந்தது. அன்றைக்குக் கடையில் எல்லாருக்கும் ஹனீபா டீ வாங்கிக் கொடுத்தார்.

ஐப்பசி மழையில் சின்னக்கருப்பு நனைந்துகொண்டு வந்தார். காய்ச்சலில் முருகம்மாள் விடியற்காலை போய்விட்டாள்.

"சாயங்காலம் எடுக்கணும் பாய். படம் வேணும்."

ஹனீபா பெயரை அடித்தார். ஒரே படம் வந்தது.

"இது யாரு பாய்?"

அது வேறு ஊர் முருகம்மாள். சின்னக்கருப்பு மடியிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்து நீட்டினார். அதில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் தபால்தலை அளவுக்குக் கறுப்பாக ஏதோ இருந்தது.

அழிந்ததை மீட்கும் இலவச மென்பொருளும் அந்த சி.டி.யில் இருந்தது. ஹனீபா அதை ஓடவிட்டார். சின்னக்கருப்பு ஸ்டூலில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்கு மேல் அது ஒரு படத்தைக் கொண்டுவந்தது. வகிடு, குங்குமம், இரண்டு கண். மூக்குத்தண்டுக்குக் கீழே சிமெண்டு பூசியது போல ஒரே சாம்பல் நிறம். மற்ற படங்கள் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன.

"கண்ணு அவதான்" என்றார் சின்னக்கருப்பு. "மிச்சம்?"

"மிச்சத்தை நான்தான் அழிச்சுட்டேன் கருப்பு."

ஹனீபாவே ஒரு வழியும் சொன்னார்.

"உங்க மகளுக்கு அவக சாயல்தானே. அதை வரச் சொல்லுங்க. ஒரு படம் எடுத்துக் கீழ்ப்பாதிக்குச் சேத்துருவோம். யாருக்கும் தெரியாது."

"அவ வாயி வேற பாய். அந்த வாயிட்டதான் இத்தனை வருசமா ஏச்சு வாங்குனேன். அதை மாத்த வேணாம். இருக்கதைக் குடுங்க."

சாம்பல் நிறத்தை வெட்டிவிட்டு, நெற்றியும் கண்ணும் மட்டும் அகலவாக்கில் அச்சாயின. சுவரொட்டிக்காரர் அதைப் போட மறுத்து, ஒரு குத்துவிளக்குப் படத்தைப் போட்டார். வீட்டில் அந்தக் கண்களுக்குத்தான் மாலை போட்டார்கள்.

அதன்பிறகு ஹனீபா சந்தை நாளில் பஸ் நிலையத்தில் போய் நிற்பார். தெரிந்த முகமாக இருந்தால் கையைப் பிடித்து இழுப்பார்.

"வாங்க, ஒரு படம் எடுத்துக்குவோம். பழசு சரியா விழுகல."

"என்ன பாய், எமனுக்கா அனுப்பப் போறீக?" என்று கேலி செய்துகொண்டே சிலர் வருவார்கள். இப்போது ஊர், தெரு, புருசன் பெயர் எல்லாம் சேர்த்துப் போடுவார். சொல்லாதவர்களிடம் பிள்ளை பெயரையாவது கேட்டு வாங்குவார்.

"மிஷினு பண்ணுனதுக்கு நீங்க என்ன அத்தா செய்வீக?" என்று சுமையா ஒருநாள் கேட்டிருக்கிறாள்.

"மிஷினுக்கு இந்தச் சனத்தைத் தெரியுமா? எனக்குத் தெரியும்ல."

இறந்தவர் வீட்டிலிருந்து வருகிறவர்கள் முன்பெல்லாம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, "அந்தா, அதுதான்" என்று விரல் நீட்டுவார்கள். இப்போது அவர்களை வெளி பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார். பெயரை அடித்துவிட்டு, எண்டர் தட்டாமல் அப்படியே உட்கார்ந்திருப்பாராம்.