ஆறாயிரத்து இருநூறு ஆம்பியர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் பட்டறை வைத்திருந்த எல்லாருக்கும் ஒரே கவலைதான்: வோல்டேஜ். சாயங்காலமானால் மோட்டார் உறுமுமே தவிர ஒழுங்காகச் சுற்றாது. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தவர் பாக்கியசாலி. பாரிவாக்கத்தில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், பிளாஸ்டிக் மூடி செய்யும் பட்டறை வைக்க வந்தபோது, டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிய இடமாகத் தேடிப் பிடித்தார். அதன் கம்பத்துக்கு மஞ்சள் குங்குமம்கூட வைத்திருந்தார்.

நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து, ஒயரிங்கைச் சோதித்துச் சான்று எழுதும் வேலையில் இருந்தேன். என் பெயரில் தனியாகக் கையெழுத்துப் போடும் உரிமை வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அவருடைய பட்டறைதான் முதல் வேலை. வெள்ளிக்கிழமை பூஜை, நான் போனது புதன்கிழமை.

இரண்டு கம்பிகள் தவறி உரசிக்கொண்டால் அந்த நொடியில் எவ்வளவு மின்சாரம் பாயும் என்று சொல்லும் மீட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. மெயினில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். ஆறாயிரத்து இருநூறு ஆம்பியர் என்று காட்டியது. அதைச் சத்தமாகப் படித்தது என் தப்பு.

கரண்ட் அவ்வளவு தாராளமாக வருகிறது என்று மனுஷர் பூரித்துப்போனார். உடனே போய்த் தெருக்கோடிப் பட்டறைக்காரரைக் கூட்டிவந்தார். அவரும் தன்னுடையதை அளக்கச் சொல்லி நச்சரித்தார். அங்கே தொள்ளாயிரம்தான் வந்தது. முகம் சுண்டிப்போய், மீட்டர் பழசா என்று என்னைக் கேட்டார். நம்மாளோ, பிள்ளை முதல் மார்க் வாங்கிய அப்பாவைப் போல எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்.

அதைக் குடித்துக்கொண்டேதான் அவர் பட்டறைப் போர்டைத் திறந்தேன். வரிசையாக, மின்சாரம் மிஞ்சினால் தானாக அறுத்துவிடும் பிரேக்கர்கள். ஒவ்வொன்றின் மேலும் சின்னக் கட்டத்துக்குள் 3000 என்று அச்சாகியிருந்தது. மூவாயிரம் ஆம்பியர் வரைதான் அது அறுத்து நிறுத்தும். அதைப்போல் இரண்டு மடங்கு வந்தால் வெடித்தாலும் வெடிக்கும். தெருக்கோடிக்காரருக்கு அதே பிரேக்கர் தாராளம். டிரான்ஸ்ஃபார்மர் கிட்டே இருப்பதுதான் இங்கே வம்பு.

சொன்னேன். அவர் நம்பவில்லை. கிட்டே இருந்தால் நல்லது என்றுதானே ஊரே சொல்கிறது என்றார். பத்திரிகை அடித்துக் கொடுத்தாயிற்று, இப்போது கையெழுத்துப் போடு, பூஜை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று கோபத்தைவிட பயம்தான் அதிகம். முதல் வேலையிலேயே முரண்டு பிடித்தால் இனி யார் என்னைக் கூப்பிடுவார்கள்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பேனாவைத் திறந்துவிட்டேன். அப்புறம்தான் கேட்கத் தோன்றியது.

"வெள்ளிக்கிழமை யாருண்ணே சுவிட்ச் போடப் போறாங்க?"

"எங்க ஊட்டுக்காரம்மாதான்."

அந்த அம்மாள் வாசலில் கோலத்துக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அவங்கதான் இந்தப் போர்டுக்கு முன்னால நிக்கணும்."

அவர் மனைவியைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். என்ன வாங்க வேண்டும், எழுதிக் கொடு என்றார். நான் பேனாவை மூடினேன்.

வியாழக்கிழமை முழுக்கப் பாரிஸ் கார்னர் கடைகளில் அலைந்து, நான் எழுதிக் கொடுத்த பெரிய ஃப்யூஸ்களை வாங்கிவந்தார். பிரேக்கருக்கு அடி விழும் முன்பே அறுத்துவிடக்கூடியவை. ஒயர்மேன் அவற்றைப் பொருத்தியதும், மறுபடி சோதித்துக் கையெழுத்துப் போட்டேன்.

பூஜையன்று கடைசி வரிசையில் நின்றிருந்தேன். கற்பூரம் காட்டியதும் அந்த அம்மாள் நேரே வந்து என் கையைப் பிடித்தார். "எனக்கோசரம்தான் சண்டை போட்டியாமே. நீ நின்னா நானும் நிக்கிறேன், வாம்மா."

போய் சுவிட்சில் விரலை வைத்தேன். அவர் தன் கையை என் கைமேல் வைத்தார். சேர்ந்தே அழுத்தினோம். மெஷின் சீராகச் சுற்றியது. பின்னால் அவர் வீட்டுக்காரர், வந்தவர்களிடமெல்லாம் ஆறாயிரத்து இருநூறு என்று பீற்றிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் என் கையை விடவில்லை. "அடுத்த மாசம் முகப்பேருல எங்க தம்பி ஊடு கிரகப்பிரவேசம். அங்கயும் நீதாம்மா வந்து பாக்கணும்," என்றார்.