அவன் எழுதிக் கொடுத்த நாலு வரி

அந்த விளையாட்டில் நான் பதினோரு தடவை செத்திருக்கிறேன். பதினோரு தடவையும் ஏதோ ஒன்றைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே செத்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. சிங்கப்பூரில் நான் படித்த தொழில்நுட்பக் கல்லூரியின் கணினி அறையில் இருபது திரைகள் இருந்தன. எல்லாம் ஒரே பெரிய இயந்திரத்தோடு இணைந்தவை. எங்களுக்கு முன்னால் படித்தவர்கள் யாரோ அதில் ஒரு விளையாட்டை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். படம் கிடையாது, சத்தம் கிடையாது, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டும்தான். ‘நீ ஒரு குகையில் நிற்கிறாய். ஓநாய் உன் தொடையைக் கடித்துக் குதறுகிறது’ என்று வரி வரும். பதிலுக்கு ‘ஓநாயை வெட்டு’ என்று தட்ட வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில்தான், இங்கே தமிழில் சொல்கிறேன். பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் உள்ளே இருப்போம். சேர்ந்தும் வெட்டலாம், ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளவும் செய்யலாம்.

வெட்டுவது சுலபம். கையில் இருக்கும் சாமான்களைக் கட்டி மேய்ப்பதுதான் உயிரை வாங்கும். வாள் நாலு வெட்டில் மழுங்கும், பத்தில் உடையும். கேடயம் பிளக்கும். பழைய தலைக்கவசத்தைக் கழற்றினால்தான் புதியதை மாட்ட முடியும். பந்தம் அணைந்தால் இருட்டில் சொந்த ஆளையே குத்திவிடுவோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி தட்ட வேண்டும், எதிரி அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க மாட்டான். எனக்கு இரண்டு விரலால்தான் தட்ட வரும். உடைந்த வாளைப் போட்டுவிட்டு அடுத்ததை உருவ நான் எழுத்துத் தேடி முடிப்பதற்குள் என் குடல் தரையில் கிடக்கும். செத்தால் செத்ததுதான். பெயர், பட்டம், சேர்த்த கவசம் எல்லாம் அழிந்து, மறுபடி கந்தல் துணியோடு வாசலில் நிற்க வேண்டும்.

எனக்குக் கோபம் அதிகம். அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு மார்சிலிங் வீட்டுக்கு வருவார். எங்கள் வீட்டில் வாய்க்கு முன்னால் கை பேசும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஏழாவது சாவில் கீபோர்டை ஓங்கிக் குத்தி இரண்டு விசைகளைப் பெயர்த்தேன். ஒன்பதாவது சாவில், விளையாட்டுக்குள் என்னை முதுகில் குத்தியவனை கேன்டீன் வாசலில் பிடித்து நிஜமாகவே மூக்கில் குத்தினேன். ரத்தம் கொட்டியது. ஒரு வாரம் என்னைக் கணினி அறைக்குள் விடவில்லை. வெட்கப்பட்டேனா என்றால் இல்லை, அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

என்னோடு படித்த ஒருவன் எனக்கு நேர் எதிர். முதல் நாள் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்ததிலிருந்து என் ஒரே நண்பன். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் அவன் அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவான், மளிகைக் கடை. கடைக் கடிதங்களை அடிப்பதற்காக அவனைச் சின்ன வயதிலேயே தட்டச்சு வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள், பத்து விரலும் பறக்கும். இரண்டு வருடமாக ஒரே உயிரோடு இருந்தவன் அந்த அறையில் அவன் ஒருவன்தான். இன்னும் ஒரு பெரிய எதிரியை வீழ்த்தினால் உச்சப் பட்டம் கிடைக்கும். அந்தப் பட்டம் வாங்கியவனுக்குச் சாவு கிடையாது. அதைவிட முக்கியம், விளையாட்டுக்குள் புது இடங்களை அவனே எழுதிச் சேர்க்கலாம். அவனுக்கு வேண்டியது அதுதான். ஒரு நோட்டில் நாற்பது அறைகளை எழுதி வைத்திருந்தான், எல்லாம் அவன் கடையைச் சுற்றிய லிட்டில் இந்தியா. உருக்கிய பொன்னைத் தலையில் ஊற்றிக் கொல்லும் தட்டான், ஆளையே அரைத்துத் தூளாக்கும் மசாலா மில், அத்தாவின் கடையில் மிளகாய் மூட்டைக்குள் சுருண்டிருக்கும் பாம்பு. எனக்கு வாசித்துக் காட்டுவான், இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். நாள்தான் இல்லை. ஒரு மாதத்தில் அவன் தேசிய சேவைக்கு, கட்டாய ராணுவப் பயிற்சிக்கு, போக வேண்டும். அவன் போனதும் கல்லூரி அவன் பெயரை இயந்திரத்திலிருந்து எடுத்துவிடும், நாற்பது அறையும் நோட்டிலேயே கிடக்கும்.

பதினோராவது சாவுக்குப் பிறகு நான் ஒரு புரோகிராம் எழுதினேன். எனக்கும் விளையாட்டுக்கும் நடுவில் அது உட்கார்ந்துகொள்ளும். திரைக்கு வரும் ஒவ்வொரு வரியையும் எனக்கு முன்னால் படிக்கும். ‘உன் கேடயம் பிளந்தது’ என்று வந்தால் அடுத்த கேடயத்தை அதுவே மாட்டும். பந்தம் அணைந்தால் அதுவே கொளுத்தும். கையில் ஆயுதம் இல்லையென்றால் மூட்டையிலும் தரையிலும் பார்த்து, இருப்பதிலேயே கூர்மையானதை எடுத்துக்கொள்ளும். நான் வெட்டு வெட்டு என்று மட்டும் தட்டினால் போதும். இரண்டே வாரத்தில் அறையில் பாதிப் பேரைச் சாய்த்தேன். சிலரைக் காரணமே இல்லாமல் துரத்தித் துரத்தி வெட்டினேன். அப்படி ஒரு சுகம் எனக்கு அதற்கு முன்னால் தெரியாது.

அச்சடித்த தாளைப் பெருமையாக அவனிடம் காட்டினேன். நின்றபடியே படித்தான்.

“இது என் வாளையும் எடுத்துடும்டா,” என்றான்.

சேர்ந்து சண்டை போடும்போது அவன் வாளை யாராவது தட்டிவிட்டால், கீழே கிடப்பது யாருடையது என்று என் புரோகிராமுக்குத் தெரியாது. நான் அதை யோசிக்கவே இல்லை. அவன் பென்சிலை எடுத்து ஓரத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தான். ஆயுதத்தை எடுப்பதற்கு முன்னால் அது யாருடையது என்று இயந்திரத்தைக் கேட்க வேண்டும். கூட வந்தவனுடையது என்றால் தொடக் கூடாது. ஒரு வினாடிக்குள் பதில் வராவிட்டால் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு வினாடி எனக்காக வைத்தது, நான் காத்திருக்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அன்றைக்கே அதைச் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு வினாடியும் எனக்கு அதிகமாகப்பட்டது. கூட்டம் இருக்கும் நாட்களில் இயந்திரம் மெதுவாகி, அந்த ஒரு வினாடியில் எனக்கு இரண்டு வெட்டு விழும். ஒருமுறை அதனாலேயே கால் போய், நொண்டிக்கொண்டு தப்பித்தேன். ஒரு சனிக்கிழமை காலையில், யாரிடமும் சொல்லாமல், அந்த நாலு வரியை எடுத்துவிட்டேன்.

அன்று மத்தியானமே அவனும் நானும் மலைக்குகையில் இருந்த இரட்டைத் தலை அரக்கனைக் கொல்லப் போனோம். என் நண்பனுக்கு உச்சப் பட்டம் தர வேண்டிய எதிரி அந்த அரக்கன்தான். நிஜத்தில் எங்கள் இருவருக்கும் நடுவில் இரண்டு நாற்காலி. அரை மணி நேரம் வெட்டினோம். அரக்கனின் ஒரு தலையை அவன் துண்டாக்கினான். எனக்கு விலா எலும்பு உடைந்தது, அவனுக்கு ஒரு கண் போனது. ரத்தம், ரத்தம் என்றே திரை ஓடியது. அரக்கனுக்கு இன்னும் ஒரே ஒரு வெட்டுத்தான் பாக்கி என்று இருவருக்கும் தெரிந்தது. அதை நான் அவனுக்கே விட்டுக்கொடுப்பதாகப் பேச்சு.

என் வாள் உடைந்தது. அடுத்த வரியிலேயே அரக்கனின் தடி அவன் மணிக்கட்டில் விழுந்து அவன் வாள் தரையில் விழுந்தது. என் புரோகிராம் அதை எடுத்துக்கொண்டது. நான் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் எடுத்துவிட்டது. அவன் ‘வாளை எடு’ என்று தட்டினான். ‘இங்கே வாள் எதுவும் இல்லை’ என்று பதில் வந்தது. மறுபடி தட்டினான், மறுபடியும் இல்லை. அந்தப் பத்து விரலின் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு அரக்கன் அவன் மண்டையை உடைத்த வரி வந்தது. மூளை சுவரில் தெறித்ததாகக்கூட அதில் எழுதியிருந்தது. என் விரல்கள் பழக்கத்தில் வெட்டு என்று தட்டின, அவன் வாளால் அரக்கன் செத்தான். எனக்குப் பட்டம் ஒரு படி ஏறியது. நான் கத்தினேன், சந்தோஷத்தில்தான் கத்தினேன், பொய் சொல்ல மாட்டேன்.

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்து என் சட்டையைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கினான். அவனுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மூச்சு முட்டியது. திருப்பி அடிக்க என் கை மடங்கிக்கொண்டது. அதற்குள் அவனே கேட்டான்.

“என் நாலு வரி இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அப்புறம் எப்படி எடுத்துச்சு?”

“எனக்கென்ன தெரியும்? நீ எழுதினதுதானே.”

பிடியை விட்டான். என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்படியே திரும்பி, பக்கத்தில் இருந்த கான்கிரீட் தூணை வலது கையால் முழு பலத்தோடு குத்தினான். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது குத்தில் எலும்பு உடைந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. “முட்டாள், முட்டாள்,” என்று தன்னையே திட்டிக்கொண்டு நாலாவது தடவை ஓங்கினான். நானும் இன்னொருவனும் பாய்ந்து பிடித்தோம். விரல் முட்டிகளில் தோல் கிழிந்து வெள்ளையாகத் தெரிந்தது.

ஆய்வகப் பொறுப்பாளர் அவனைக் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். நானும் வருகிறேன் என்றேன், காரில் இடம் இல்லை என்றார். திரும்பி வந்து என் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். சட்டைக் கையில் அவன் ரத்தம் இன்னும் காயவில்லை. அந்த நாலு வரியையும் இரண்டு விரலால், ஒரு எழுத்துப் பிசகாமல், இருந்த இடத்திலேயே திரும்பத் தட்டி வைத்தேன். அன்று சாயங்காலம் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபப்பட்டேன் என்று மட்டும் சாமியாரிடம் சொன்னேன்.

நாலு நாள் கழித்து அவன் கடைக்குப் போனேன். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான், விரல் நுனி வரைக்கும் மாவுக்கட்டு. கை சேர்ந்தபிறகுதான் ராணுவத்தில் எடுத்துக்கொள்வார்களாம், ஆனால் பழைய மாதிரி தட்ட வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மடியில், கல்லூரியிலிருந்து யாரோ அச்சடித்துக் கொடுத்திருந்த என் புரோகிராமின் தாள், அவன் நாலு வரியும் அதில் இருந்தது. நாலு நாளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். இடது கையால் கிறுக்கிக் கிறுக்கி ஓரமெல்லாம் கறுப்பாகியிருந்தது.

“எனக்குத் தப்புத் தெரியவே இல்லடா,” என்றான். “நீயே பாரேன்.”

தப்பு இல்லாததில் தப்பு எப்படித் தெரியும்? அவனுக்குத் தூக்கமில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். பென்சிலைக் கையில் வாங்கினேன். மூன்றாவது வரியில் அவன் வைத்திருந்த அந்த ஒரு வினாடியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

“அன்னைக்கு மெஷின் ரொம்ப ஸ்லோ லா,” என்றேன். “ரெண்டு வினாடி வெச்சிருக்கணும்.”

அவன் தாளை வாங்கி வெகு நேரம் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். தோள் இரண்டும் தளர்ந்தன, நாலு நாள் பாரம் இறங்கியது போல.

“ஆமால்ல,” என்றான். “சாரிடா, உன் சட்டையப் பிடிச்சதுக்கு.”

பரவாயில்லை என்றேன்.