ஓவர்டைமுக்குப் புது எஜமானி

என் அக்கா ரோண்டாவின் கணவர் டெல்மர் எங்கள் வீட்டுக்கு வரும்போது, ரயில் பாதையைத் தாண்டியதுமே பிக்கப் வண்டியின் ஹாரனை இரண்டு முறை அடிப்பார். உடனே அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்விடுவாள். எங்கள் க்ரோ பழங்குடிக் குடும்பங்களில் மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துக்கொள்வதில்லை, பேசிக்கொள்வதும் இல்லை. பகை ஒன்றும் கிடையாது, அதுதான் மரியாதை. இப்போது பலர் அதை விட்டுவிட்டார்கள். அம்மா விடவில்லை. அம்மாவுக்காக அத்தானும் விடவில்லை.

இருவருக்கும் நடுவில் தூது நான்தான்.

"உங்க அத்தான்கிட்ட சொல்லு, இந்தக் குளிர்ல குதிரைக்குட்டிய வெளிய கட்டி வெச்சிருக்காரு."

அத்தான் பத்தடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பார். "அத்தான், குட்டி வெளிய நிக்குதாம்."

"கேட்டுச்சு. உங்கம்மா குரல் பில்லிங்ஸ் டவுன் வரைக்கும் கேக்கும். ஆனா எனக்குக் கேக்கலன்னு சொல்லிடு."

நான் போஸ்மனில் கல்லூரியில் படித்த நான்கு வருடமும் இந்த வேலையை எங்கள் நாய் பார்த்தது. அத்தான் வாசலில் நின்று நாயிடம் செய்தி சொல்வார், அம்மா ஜன்னலுக்குப் பின்னாலிருந்து நாய்க்குப் பதில் சொல்வாள். விடுமுறைக்கு வந்த என்னிடம் அத்தான், "உன்ன விட நாய் பரவாயில்ல, தன் கருத்தச் சேத்துச் சொல்றதில்ல" என்றார்.

அவருக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை. பேருந்தில் ஏறும் பிள்ளை ஒவ்வொன்றும் முந்தின இரவு ஆட்டத்தின் ஸ்கோரைச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் பின் இருக்கை. வேலை நேரம் போக மிச்சமெல்லாம் கூடைப்பந்துக்கும் குதிரைகளுக்கும். இரண்டையும் அவர் பிரித்துப் பார்த்ததே இல்லை; குதிரைகளுக்கும் கூடைப்பந்துப் பெயர்கள்தான். ஒரு குதிரைக்கு ரீபவுண்ட் என்று பெயர், இன்னொன்றுக்கு ஃப்ரீ த்ரோ. பன்னிரண்டு நாள் தாமதமாகப் பிறந்த சாம்பல் நிறக் குட்டிக்கு ஓவர்டைம்.

ஆகஸ்ட் மாதம் க்ரோ திருவிழாவில் நடக்கும் ரிலே பந்தயம்தான் அவருக்கு வருடப் பிறப்பு. ஒரு வீரன், மூன்று குதிரை, மூன்று சுற்று, சேணம் கிடையாது. ஒரு சுற்று முடிந்ததும் வீரன் பாய்ந்து வரும் குதிரையிலிருந்து குதித்து அடுத்ததில் தாவ வேண்டும். வந்த குதிரையை ஒருவர் எதிரே நின்று பிடிக்க வேண்டும். எங்கள் அணியில் அது அத்தானின் வேலை. அதில் அவருக்கு இரண்டு விலா எலும்பும் ஒரு முன்பல்லும் போயின. "பல்லு போனது நல்லதுதான், விசில் நல்லா வருது" என்பார். அணி ஒருமுறைகூட இறுதிப் போட்டிக்குப் போனதில்லை. ஓவர்டைம் வளர்ந்து நின்ற வருடம், இந்த முறை போய்விடலாம் என்ற நம்பிக்கை வந்தது. குளிர்காலம் முழுக்க அதையே பேசினார்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அவர் மகள் ஷைலாவின் அணிக்குப் பெரிய ஆட்டம். ஆட்டம் நடக்கும் பள்ளி ஜிம்மில் அம்மா எப்போதும் கிழக்குப் பக்கம், அத்தான் மேற்குப் பக்கம். யாரும் எழுதிவைக்காத ஏற்பாடு. அன்று கிழக்குப் பக்கத்தை வெளியூர்க்காரர்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். நான் காரை நிறுத்தப் போயிருந்தபோது, அம்மா புதிதாக வாங்கிய அகலமான கறுப்புத் தொப்பியோடு உள்ளே போய் இடம் கிடைத்த இடத்தில் நின்றிருக்கிறாள். அத்தானுக்கு நேர் முன்னால்.

நான் கதவைத் திறந்தபோது கடைசி ஒன்பது நொடி. நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து ஷைலாவிடம். அத்தான் கத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது.

"யோவ் தொப்பி! உக்காருய்யா! அது தலையா, இல்ல குதிரைக்குத் தண்ணி வைக்கிற தொட்டியா? எம் பொண்ணு அடிக்கிறது தெரியல!"

தொப்பி திரும்பியது.

அக்காவுக்குக் கல்யாணம் ஆன பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக இருவரும் முகத்துக்கு முகம் பார்த்தார்கள். ஷைலா அடித்த பந்து உள்ளே விழுந்தது, கூரை பெயர்ந்துவிடும்போல் கூச்சல். அந்த ஜிம்மில் அதைப் பார்க்காதவர்கள் இரண்டே பேர். அம்மா கோட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு வெளியே நடந்தாள். அத்தான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

ஆட்டத்தை மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தவர் கிளிஃபர்ட். அத்தானின் அப்பாவும் அவர் அப்பாவும் ஒரே குலம். அப்படிப்பட்டவர்கள் ஒருவரையொருவர் ஊரறியக் கேலி செய்யலாம், கேட்பவர் கோபப்படக் கூடாது. கிளிஃபர்ட் அந்த உரிமையில் ஒரு நாளைக்கூட வீணாக்கியதில்லை.

"ஆட்டம் ஜெயிச்சாச்சு. ஆனா இங்க ஒருத்தர் சொந்த மாமியாரத் தண்ணித் தொட்டின்னுட்டாரு. டெல்மர், இன்னிக்கு ராத்திரி குதிரைக் கொட்டில்ல படுக்க வைக்கோல் வேணும்னா சொல்லு, தரேன்!"

மறுநாளிலிருந்து ஹாரன் சத்தம் இல்லை. அத்தான் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. இப்படி ஒன்று நடந்தால் மருமகன் பெரிதாக ஒரு பரிசு கொடுத்துச் சரிசெய்யலாம்; அதை மாமியார் வாங்கிக்கொண்டால் அதன்பின் இருவரும் பேசவும் செய்யலாம். முதலில் நல்ல கம்பளி ஒன்றை என்னிடம் கொடுத்தனுப்பினார். அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்ல கம்பளிதான். வெச்சுட்டுப் போ." அவ்வளவுதான். அவரோடு பேசும் அளவுக்கு அது போதவில்லை.

கிளிஃபர்ட் பேருந்து நிற்கும் இடத்துக்கே வந்து கேட்டார். "பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு கம்பளியாடா? அந்தக் காலத்துல குதிரை குடுப்பாங்க. உங்கிட்டதான் மூணு இருக்கே."

"மூணும் வேணும்டா ரிலேக்கு."

"அப்ப ரீபவுண்டக் குடு. அது எப்படியும் ஓடறதில்ல."

அத்தான் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காத கேலியை நான் அன்றுதான் பார்த்தேன். ஓடாத குதிரையைக் கொடுத்தால் அது பரிசாகாது என்று அவருக்குத் தெரியும்.

மார்ச்சில் ஒரு காலை, பனி உருகி ரோடு சேறாக இருந்தபோது, ஓவர்டைமைக் கயிறு பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். பின்னால் ரோண்டா செருப்பு சேற்றில் புதையப் புதைய ஓடிவந்தாள்.

"ஆகஸ்ட்ல எத ஓட்டுவ? என் முதுகுல ஏத்தி விடுவியா பந்தயம் ஓட்டற அந்தப் பையன?"

"நீ திருப்பத்துல மெதுவாப் போவ" என்றார் அத்தான்.

வாசலில் நின்று, தரையைப் பார்த்தபடி கயிற்றை நீட்டினார். அம்மா படி இறங்கி வந்தாள். கயிற்றை வாங்கினாள். குதிரையைச் சுற்றி நிதானமாக ஒரு நடை நடந்தாள். பிறகு, யார் வழியாகவும் இல்லாமல், நேராக அவரிடம் பேசினாள்.

"மாப்ள, இதுக்குப் பின்னங்கால் லாடம் ஆடுதே. பாக்கவே மாட்டீங்களா?"

அத்தான் நிமிர்ந்தார். "பாக்கறேன் அத்த."

"நீங்க எங்க பாப்பீங்க? இந்த ஜன்னல்ல நின்னு, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உங்க குதிரைங்கள பத்தொன்பது வருஷமா நான்தான் பாக்கறேன். பயிற்சியில இத மொத சுத்துல விடறீங்க. கூட்டத்தக் கண்டா இது மிரளும். கடைசியா விடணும், முன்னாடி ஓடற குதிரையத் தொரத்தத்தான் இதுக்குப் பிடிக்கும். இவகிட்ட எத்தன தடவ சொல்லி அனுப்பினேன்!"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் நாயைப் பார்த்தேன். உண்மையில் அதை நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. குதிரைப் பந்தயத்தைப் பற்றி அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நானே முடிவுசெய்துவிட்டேன்.

குதிரையை அம்மா திருப்பித் தரவில்லை. பரிசைத் திருப்பினால் அவருக்கு அவமானம். ஆனால் ஆகஸ்ட்டில் அது அவர் அணியில் ஓடியது. "என் குதிரை, நான் சொல்றபடி" என்பது மட்டும் நிபந்தனை. தகுதிப் பந்தயத்தின் மூன்றாவது சுற்றில் ஓவர்டைம் ஐந்தாவதாகக் கிளம்பியது. அம்மா தொப்பியைக் கழற்றி வேலியில் அடித்துக் கத்தினாள். ஒவ்வொன்றாக முந்தி இரண்டாவதாக வந்தது. நாங்கள் இறுதிப் போட்டிக்குப் போனோம். அங்கே ஃப்ரீ த்ரோவைப் பிடிக்கும்போது அத்தான் மல்லாக்க விழுந்ததில் நாங்கள் நான்காவதாக வந்தோம். எழுந்து மண்ணைத் தட்டியவரிடம் அம்மா சொன்னாள்: "என் குதிரை ஓடிச்சு மாப்ள. நீங்கதான் படுத்துட்டீங்க."

அதற்குப் பிறகு எட்டு வருடம். எல்லா ஆட்டத்துக்கும் ஒன்றாகப் போய், மேற்குப் பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, பாப்கார்னைப் பங்குபோட்டுக்கொண்டு, நடுவர்களைத் திட்டினார்கள். இரண்டு முறை இருவரையும் சேர்த்தே வெளியே அனுப்பினார்கள். எனக்குத் தூது வேலை போய்விட்டது.

அத்தான் இந்த ஏப்ரலில் இறந்தார். பேருந்தை வழக்கமான இடத்தில் நிறுத்தி, சாவியை மாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து படுத்தவர்தான். இறுதிச் சடங்கில் கிளிஃபர்ட் கேலி எதுவும் செய்யாமல் உட்கார்ந்துவிட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன வாரம் திருவிழா. ஓவர்டைம் இப்போது ஓடுவதில்லை. அம்மா அதன் முதுகில் அந்தக் கம்பளியைப் போட்டுக் காலை அணிவகுப்பில் தானே நடத்திக்கொண்டு போனாள். பிற்பகல் ரிலேயில் அத்தானின் இடத்தில் ஷைலா நின்றாள். எதிரே புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்த குதிரையைக் கை விரித்துப் பிடித்தாள். விழவில்லை. மூன்றாவதாக வந்தார்கள்.

வேலியோரம் அம்மா கண்ணைத் துடைக்காமலே என் பக்கம் திரும்பினாள்.

"உங்க அத்தான்கிட்ட சொல்லு, இவ நிக்கறா, அவரு மாதிரி படுக்கல."

எட்டு வருடமாக அவள் என்னிடம் எதுவும் சொல்லி அனுப்பியதில்லை. இந்த முறை நான் என் கருத்தைச் சேர்க்கவில்லை. ஓடுதளத்தைப் பார்த்து, அவள் சொன்னபடியே, உரக்கச் சொன்னேன்.

மைக்கில் கிளிஃபர்டுக்கு அது கேட்டிருக்க வேண்டும். "டெல்மருக்குக் கேட்டுச்சாம்" என்றார். "ஆனா கேக்கலன்னு சொல்லச் சொன்னான்."