ஆன்டெனாவுக்கு ஒரு கூரை

எக்ஸ்கவேட்டரின் மேல் ஏறி நின்றால் எங்கள் ஊர் மிதப்பதுபோல் இருக்கும். மார்கழிப் பனியில் தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிய சயனைடு மேடுகளின் அடிவாரம் மறைந்துபோய், வெளுத்த முதுகு மட்டும் தெரியும். அந்த உயரத்தில்தான் என் வேலை. மண் வெட்டும் வண்டிகளுக்கு சாட்டிலைட் ஆன்டெனா பொருத்துகிறேன். வண்டி எங்கே நிற்கிறது என்று அது வானத்திடம் கேட்டு, ஆபரேட்டருக்கு முன்னால் இருக்கும் திரையில் காட்டும்.

அன்று அந்தத் திரையில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. கோட்டுக்கு அப்பால் பழைய சுரங்கம். மேலே புல், கீழே வெறும் பொந்து. கனமான வண்டி போனால் தரை உள்வாங்கிவிடும். ஆபரேட்டர் எங்கள் ஊர்ப் பையன்தான், என்னை அக்கா என்று கூப்பிடுபவன். அவன் மனைவிக்கு ஒன்பதாம் மாதம்.

வேலையில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. இஞ்சினை நிறுத்தி, சாவியை என் பையில் போட்டுக்கொண்ட பிறகே ஏறினேன். வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காப்பாற்றும் கூரைச் சட்டத்தில் ஒரு துளைகூடப் போடவில்லை. பின்பக்கம் இரண்டு கம்பங்களை நிறுத்தி, ஆளுக்கொரு ஆன்டெனா வைத்து போல்ட்டை இறுக்கினேன். கேபிள் எங்கும் சிக்காதபடி கட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். இரண்டு ஆன்டெனாவுக்கும் மேலே தடித்த தகரத்தில் குடைபோல மூடி வேறு செய்து மாட்டினேன். மேலேயிருந்து கல் விழுந்தால்?

திறந்த வெளியில் எங்கிருந்து கல் விழும் என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு எட்டு வயதில் அப்பா சுரங்க ஷிப்டுக்கு நடந்து போனார். பூமிக்கடியில் அவர் வேலை செய்த லெவலின் கூரையிலிருந்து ஒரு கல் விழுந்தது. ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜில் படுத்தபடிதான் மேலே வந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கோழிக்கூண்டுக்குக்கூட இரட்டைக் கூரை.

வேலை தொடங்கும் முன், தொலைவில் அடித்திருந்த அடையாள முளையில் வாளியின் பல்லை வைத்துச் சரிபார்க்கச் சொன்னேன். வண்டி நகர்ந்தது.

"அக்கா, இன்னா இது? வண்டி போய்க்கினே இருக்குது, படத்துல அங்கியே நிக்குது!"

நிறுத்து என்று கத்தினேன். நின்றான். ஆபத்தான தரைக்கு இன்னும் இருபது அடிகூட இல்லை. ஆன்டெனாவுக்கு வானம் திறந்திருக்க வேண்டும் என்பது நான் படித்த முதல் பாடம். கைக்குத்தான் அது ஏறவில்லை; என் தகர மூடி வானத்தை மறைத்துவிட்டது. வெட்கத்தில் காது சுட்டது.

மறுபடி சாவியை வாங்கிக்கொண்டு ஏறி, மூடிகளைக் கழற்றினேன். பனி விலகியிருந்தது. வானம் சுரங்க ஷாஃப்டுக் குழியைப்போல ஆழமாக இருந்தது, எவ்வளவு நேரம் அண்ணாந்து பார்த்தும் அடி தெரியவில்லை. அதற்குள் விழுந்துவிடுவேனோ என்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"மேல ஒண்ணும் இல்லாம பயமா இருக்குதா அக்கா?"

"இருக்குது. நீ சாவியப் புடி."

இம்முறை வாளியின் பல் முளையில் சரியாக உட்கார்ந்தது. திரையில் இருந்த குட்டி வண்டியும் பெரிய வண்டியோடு கூடவே போனது. நாள் முழுக்கச் சிவப்புக் கோடுவரை வந்து வந்து திரும்பியது. நான் வேறு எதையும் பார்க்கவில்லை.

சாயங்காலம் இஞ்சினை நிறுத்திவிட்டுப் படியைப் பிடித்து இறங்கினான்.

"டீ குடிக்கலாமா அக்கா?"

என்னை நோக்கி நடந்து வந்த அவன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.